ஜிலேபிக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

போன வாரம் பெரம்பலூரில் ஒரு கல்யாணம். காலைப் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் ஓர் இளைஞன் மடியில் இரண்டு வயசுப் பையனோடு உட்கார்ந்திருந்தான். இலைக்கு முன்னால் தண்ணீர் பாட்டில். பாட்டிலில் சாய்த்து வைத்த செல்போன். அதில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் இடுப்பளவு தண்ணீரில் நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தான். மீன் துள்ளி மேலே வரும்போதெல்லாம் பையன் வாயைப் பிளப்பான். அந்தச் சந்தில் அப்பன் ஒரு விள்ளல் இட்லியை உள்ளே தள்ளுவான். தான் தின்பது இட்லியா பொங்கலா என்று பையனுக்குத் தெரியவில்லை. அப்பனுக்கும் தெரிந்திருக்காது, ஏனென்றால் அவனும் அந்த மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலை நரைத்தவன் கோபத்துக்குக் கல்யாணப் பந்தியில் என்ன மரியாதை கிடைக்கும் என்று தெரியும். இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"தம்பிக்கு மீன் புடிக்கிற பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டேன்.

"அய்யோ, இல்லைங்க சார். இதப் போட்டாத்தான் இவன் வாயத் தொறப்பான். கார்ட்டூன்லாம் போரடிச்சிடுச்சு அவனுக்கு."

இரண்டு வயசில் போரடித்துவிட்டதாம்! மேற்கொண்டு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அதற்குள் பையனின் அம்மா ஒரு சின்ன பிளாஸ்க்கோடு வந்து, "இட்லி போதும், இதக் குடுங்க" என்று மூடியைத் திறந்தாள். சத்துமாவுக் கஞ்சி. அந்த வாசனை வந்ததும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

அங்கன்வாடியில் பாக்கெட்டில் தருவார்களே, கோதுமையும் கடலையும் வறுத்து வெல்லம் சேர்த்து அரைத்த மாவு, அதுதான். ஊரில் எல்லோருக்கும் அது குழந்தை வாசனை. எனக்கு மட்டும் அது தூண்டில் வாசனை. சிரிப்பதென்றால் சிரியுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தால் இன்னும் நல்லது.

அப்போது அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் எனக்கு எடைமேடையில் வேலை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி வந்து மேடைமேல் ஏறும். எடை பார்ப்பேன், சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன், இறங்கிப் போகும். அடுத்த லாரி ஏறும். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை, ரசிக்க அதைவிட ஒன்றும் இல்லை. வாரம் முழுக்க மூக்கிலும் காதிலும் வெள்ளைத் தூசி. கூட வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் சீட்டு விளையாடினார்கள், இல்லையென்றால் சங்கத்து அரசியல் பேசி ஒருத்தனை ஒருத்தன் முறைத்துக்கொண்டார்கள். நான் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

கிளம்புவது என்றால் சும்மா இல்லை. அரும்பாவூர்ப் பக்கம் ஏரி நிறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் அங்கே. கொள்ளிடத்தில் தண்ணீர் இறங்கி மடு மடுவாக நிற்கிறது என்றால் ஏலாக்குறிச்சி தாண்டி அங்கே. கூட வருகிறவர் ஜமால் பாய். லெப்பைக்குடிகாட்டுக்காரர், வளைகுடாவில் வேலை, மாமியார் வீடு அரியலூர். லீவில் வந்தால் பாதி நாள் மாமியார் வீட்டில் கழியும், மீதி நாள் என்னோடு. அவர் கையில் அங்கிருந்து வாங்கி வந்த மடக்குத் தூண்டில். என் கையில் மூங்கில். இரண்டுக்கும் மாட்டுவது ஒரே மீன்தான் என்று அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

எங்களுக்கு மீன்களில் ஒரு மேல் கீழ் உண்டு. உச்சியில் விரால். அதைப் பிடிக்க உயிரோடு ஒரு தவளையைத் தூண்டில் முள்ளில் மாட்டி, சத்தமே இல்லாமல் கரையோரமாக நடந்து, கோரைப் புல்லுக்கு நடுவில் தத்த விட வேண்டும். உங்கள் நிழல் தண்ணீரில் விழுந்தால் போச்சு, இருமினால் போச்சு. விராலுக்குக் கீழே கெளுத்தி, கெண்டை என்று வரிசையாக வரும். எல்லாவற்றுக்கும் அடியில் ஜிலேபி. நான் சொல்வது கடையில் விற்கும் இனிப்பை அல்ல. எந்தக் குட்டையில் விட்டாலும் பெருகிக் கிடக்குமே, ஜிலேபிக் கெண்டை, அதை. சோற்றுப் பருக்கைக்கும் வரும், வெறும் முள்ளுக்கும் வரும். அறிவு என்பது மருந்துக்கும் கிடையாது. ஜிலேபி பிடிக்கிறவனை நாங்கள் மீன் பிடிக்கிறவன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "விரால் தவிர வேற எதையும் கையால தொடமாட்டேன்" என்று கல்யாணமான புதிதில் என் மனைவி செல்வியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பேச்சு பின்னால் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்குத்தான் வருகிறேன்.

இனியா பிறந்தாள். பிறந்ததும் சொந்தபந்தம் எல்லாம் ஒரே குரலில் ஆரம்பித்தது. "புள்ள பொறந்தாச்சு, இனிமே எதுக்குத் தூண்டிலு? தூக்கிப் பரண்ல போடு." இதைச் சொன்ன ஆசாமிகள் யார் தெரியுமா? ஞாயிறு முழுக்க டிவிக்கு முன்னால் மல்லாந்து கிரிக்கெட் பார்க்கிறவர்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தன. பிள்ளை அழுதால் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். அவர்களிடம் யாரும் டிவியைத் தூக்கிப் பரணில் போடச் சொல்லவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவன் பொறுப்பான அப்பன், கரைக்குப் போகிறவன் ஊதாரி. என்ன நியாயமோ!

செல்வி அப்படிப் பேசுகிறவள் இல்லை. அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் அவளுக்குப் பகல் டூட்டி விழும். குழந்தைக்கு மூன்று வயசு ஆகியிருந்தபோது ஒருநாள் நேராகவே சொல்லிவிட்டாள்.

"போங்க, நான் வேணாங்கல. ஆனா ஞாயித்துக்கெழம புள்ள உங்க பொறுப்பு. கூட்டிட்டுப் போங்க. அவ கால்ல ஒரு சொட்டுத் தண்ணி பட்டுதுன்னு தெரிஞ்சா அன்னியோட சரி. அப்புறம் வேளைக்குச் சாப்புடணும். நான் கட்டிக் குடுக்குறது அப்புடியே திரும்பி வந்தாலும் அன்னியோட சரி."

முதல் நிபந்தனை சுலபம். இரண்டாவதுதான் எமன். ஏனென்றால் இனியா சாப்பிட மாட்டாள். சாப்பிட மாட்டாள் என்றால் அடம் இல்லை, வாயைத் திறக்கவே மாட்டாள். பாட்டுப் பாடியும் ஆகவில்லை, நிலாவைக் காட்டியும் ஆகவில்லை, பூச்சாண்டியைக் கூப்பிட்டும் ஆகவில்லை. ஒரு கிண்ணம் பருப்புச் சோற்றை வைத்துக்கொண்டு செல்வி வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தே இளைத்தாள். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போடுவார்கள். ஒவ்வொரு மாதமும் வயசுக்கு எடை போதாது என்று டீச்சர் சொல்லி அனுப்புவார். "நீங்களே நர்ஸு, உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்பார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எடை பார்த்து அறிவுரை சொல்கிறவள் செல்வி. நானோ லாரி லாரியாக எடை பார்க்கிறவன். எங்கள் வீட்டில் ஒரு கிலோ ஏற மாட்டேன் என்றது. எங்கள் இரண்டு பேருக்கும் அதைவிடப் பெரிய கவலை அன்றைக்கு வேறு எதுவும் இல்லை.

குழந்தையோடு அரும்பாவூர் வரை போக முடியாது. ஆலைக்குப் பின்னால் ஒரு பழைய கல்குழி இருந்தது. கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குழி, பல வருஷத்து மழை நின்று ஏரி மாதிரி ஆகியிருந்தது. மூன்று பக்கம் செங்குத்து, கிட்டே போக முடியாது. ஒரு பக்கம் மட்டும் அந்தக் காலத்தில் லாரி இறங்கிய சரிவு, மெல்ல இறங்கித் தண்ணீருக்குள் போகும். தண்ணீருக்கு நன்றாகத் தள்ளி மேடாக ஒரு தட்டைக் கல். அதில் குழந்தையை உட்கார வைத்து, செல்வியின் பழைய சேலை ஒன்றின் ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறு முனையை என் இடுப்பிலும் கட்டிக்கொள்வேன். அவள் நகர்ந்தால் நான் நகர வேண்டும்.

ஜமால் பாய் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்னா மச்சான், கன்னுக்குட்டிய மேய்க்க வந்தியா, மீன் புடிக்க வந்தியா?"

விராலை மறந்துவிட வேண்டியதுதான் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. இடுப்பில் சேலையைக் கட்டிக்கொண்டு கரையோரமாகப் பதுங்கிப் போக முடியுமா? அது போகட்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தவளையை எடுத்தேன். முள்ளைக் கண்டதும் இனியா வீறிட்டாள். "தவள பாவம்ப்பா, வலிக்கும்ப்பா!" எதிர்க்கரை வரை கேட்டிருக்கும். தவளையை விட்டேன். சரி, மண்புழு. அதுவும் பாவமாம். புழுவுக்குக் குட்டிப் புழு வீட்டில் தேடுமாம். ஜமால் பாய் தலையில் அடித்துக்கொண்டு, மடக்குத் தூண்டிலோடு சரிவின் அந்த ஓரத்துக்குப் போய்விட்டார். எனக்கோ கைவசம் ஒரு பூச்சி இல்லை. செல்வி கட்டிக் கொடுத்த பையைத் துழாவினேன். சோற்று டப்பாவும் ஒரு சின்ன டப்பாவில் சத்துமாவும் பிளாஸ்க்கில் வெந்நீரும் இருந்தன. மாவில் கொஞ்சம் வெந்நீர் விட்டுப் பிசைந்து, கொண்டைக்கடலை அளவுக்கு உருட்டி முள்ளில் வைத்து எறிந்தேன். விரால்காரன் மாவு உருண்டைக்காரன் ஆனது இப்படித்தான்.

தூண்டில் நரம்பில் கட்டிய தக்கை தண்ணீரில் மிதந்து நின்றது. "அது முங்குனா மீன் வந்துடுச்சுன்னு அர்த்தம், அதையே பாரு" என்றேன். இனியா பார்த்தாள். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளின் வாய் தானாகத் திறந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, கையில் இருந்த மாவு உருண்டையை அந்த வாயில் வைத்தேன். மென்று விழுங்கினாள். தக்கையை விட்டுக் கண் நகரவில்லை. வாய் மறுபடி திறந்தது. இன்னொன்று வைத்தேன். அதுவும் போயிற்று. மீன் ஒன்று, குழந்தை ஒன்று, மீன் ஒன்று, குழந்தை ஒன்று என்று டப்பா காலியானது. அதற்கப்புறம் பருப்புச் சோற்றையும் அதேபோல உருட்டி வைத்தேன். அதுவும் போனது.

கடிப்பது எல்லாம் ஜிலேபி. வேறு எது மாவுக்கு இத்தனை அவசரமாக வரும்? முதல் மீனைக் கையில் பிடித்துக் காட்டினேன்.

"இது பேரு என்னாப்பா?"

"ஜிலேபி."

சந்தேகத்தோடு பார்த்தாள். நாக்கை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தாள். நல்லவேளை, இழுத்துப் பிடித்துவிட்டேன். "இனிக்கவே இல்ல" என்றாள், நாக்கு படாமலே. அன்றிலிருந்து குழிக்குப் போவதற்கு எங்கள் வீட்டில் 'ஜிலேபிக்குப் போறது' என்று பெயர்.

பிடித்த ஜிலேபி ஒன்றையும் நான் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. இனியா 'டாட்டா' சொல்ல, அப்படியே திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவோம். இன்றைக்கு இதையே தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்கிறார்கள். மீனுக்கு முத்தம் கொடுத்து வீடியோ எடுத்து, உயிர்மேல் கருணை என்று கீழே எழுதுகிறார்கள். நாங்கள் விட்டது கருணைக்காக அல்ல, மானத்துக்காக. விரால் தவிர எதையும் தொடமாட்டேன் என்றவன், உள்ளங்கை அகலத்து ஜிலேபியைப் பொண்டாட்டியிடம் எப்படி நீட்டுவது? வீட்டில் கேட்டால், "இன்னைக்கு ஒண்ணும் மாட்டல" என்பேன். செல்வி சோற்று டப்பாவைத் திறந்து பார்ப்பாள். காலி. குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாள். காய்ந்திருக்கும். மீனைப் பற்றி அவளுக்கு என்ன கவலை?

ஜமால் பாய்க்கு லீவு முடிகிற வாரம். விரால் ஒன்றும் சிக்காமல் அந்த ஓரத்திலிருந்து வந்து எங்கள் கல்லில் உட்கார்ந்தார். நான் ஊட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஷா அல்லா, நல்லா திங்குதே" என்றார். அப்புறம் தயங்கி, "நான் ஒரு வாய் குடுக்கட்டா மச்சான்?" என்று கேட்டார்.

கொடுத்தார். இனியா யார் கொடுக்கிறார்கள் என்றுகூடத் திரும்பாமல் வாங்கிக்கொண்டாள். பாய் இன்னொன்று உருட்டினார்.

"எம் மவளுக்கும் இந்த வயசுதான். நான் குடுத்தா வாங்க மாட்டா, மச்சான். யாரோ ஒரு ஆளு வூட்டுக்கு வந்திருக்கான்னு அம்மா முந்தானையில ஒளியுவா. பழகுறதுக்குள்ள லீவு முடிஞ்சிடும்."

எனக்குத் துக்கமாக இருந்தது. அவரே எழுந்து தன் மடக்குத் தூண்டிலில் ஒரு மாவு உருண்டையை மாட்டி வீசினார். விரால் ராஜா ஜிலேபிக்கு வீசினார்! மாட்டியதும் இனியா கை தட்டினாள். அதற்கு அவர் பட்ட சந்தோஷத்தை நான் எந்த விராலுக்கும் பார்த்ததில்லை. அடுத்த வாரம் விமானம் ஏறிவிட்டார்.

அவர் இருந்திருந்தால் எனக்குச் சாட்சி ஆகியிருப்பார். ஏனென்றால் அதற்கப்புறம்தான் வம்பு வந்தது. அங்கன்வாடியில் டீச்சர் பிள்ளைகளிடம், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டுச் சீமாட்டி எழுந்து நின்று, "நானும் அப்பாவும் ஜிலேபிக்குப் போனோம். எங்கப்பா உருட்டி உருட்டிக் குடுத்துச்சு, நான் நெறைய சாப்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் சும்மா இருப்பாரா? சாயங்காலம் செல்வியைப் பிடித்துக்கொண்டார்.

"இனிப்பக் குடுத்தே வயித்த அடைச்சுடுறாரு உங்க வூட்டுக்காரரு. அப்புறம் எப்படிங்க புள்ள சோறு திங்கும், எப்படி எடை ஏறும்?"

செல்வி நேராக வந்து என் முன்னால் நின்றாள். அவளுக்குக் கோபத்தைவிட அழுகைதான் வந்தது.

"நான் ஒரு வாய்ச் சோத்துக்கு இந்தப் பாடு படுறேன். நீங்க கடையில ஜிலேபி வாங்கிக் குடுத்துட்டு, சோத்தக் கொட்டிட்டு வெறும் டப்பாவக் கொண்டு வந்து காட்டுறீங்க."

"ஏய், அது இனிப்பு இல்ல. மீனு. ஜிலேபிக் கெண்டை."

"யாரு, நீங்களா? வெராலத் தவிர வேற எதையும் தொடமாட்டேன்னவரா?"

"தொட்டேன். என்ன பண்ணச் சொல்ற?"

"அப்ப இத்தன நாள்ல ஒரு ஜிலேபியாவது வூட்டுக்கு வந்திருக்கணுமே? ஒண்ணும் மாட்டல, ஒண்ணும் மாட்டலன்னுதானே சொன்னீங்க?"

குழந்தையைக் கூப்பிட்டுக் கேட்டாள். "ஜிலேபி சாப்டியா கண்ணு?" அது மகிழ்ச்சியாகத் தலையாட்டியது. "நெறைய சாப்டேம்மா. அப்புறம் டாட்டா சொல்லிட்டோம்." தீர்ப்பு அத்தோடு முடிந்தது. தூண்டில் பரணுக்குப் போனது. சொந்தபந்தம் அன்றைக்கே சொன்ன இடம்தான்.

அடுத்த ஞாயிறு செல்வி லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தாள். இனியா காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை. மத்தியானமும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ஜிலேபிக்குப் போலாம்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைக்கு ஆள் போய் நிஜ ஜிலேபி வந்தது. அதைத் தட்டிவிட்டாள். கீழே விழுந்து கிடந்த ஜிலேபியைச் செல்வி பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம், "அடுத்த வாரம் நானும் வரேன்" என்றாள். போலீஸ் விசாரணைக்கு வருகிற தோரணைதான்.

வந்தாள். சரிவைப் பார்த்தாள், தண்ணீர் எவ்வளவு தள்ளி என்று பார்த்தாள், சேலை முடிச்சை இழுத்துப் பார்த்தாள். நான் மாவைப் பிசைந்து உருட்டி வீசினேன். தக்கை நின்றது. இனியாவின் வாய் திறந்தது. ஓர் உருண்டையை வைத்தேன்.

"அது மீனுக்கு வெச்சதுங்க!"

"ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

"கையக் கழுவுனீங்களா?"

நான் குழித் தண்ணீரைக் காட்டினேன். நர்ஸம்மா கண்ணை மூடித் திறந்தாள். பையிலிருந்து காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை எடுத்து என் கையில் ஊற்றித் தேய்க்க வைத்தாள், தானும் கழுவிக்கொண்டாள். சோற்று டப்பாவைத் திறந்து, முட்டையும் பருப்பும் பிசைந்து, சின்னதாக உருட்டி, பயந்து பயந்து நீட்டினாள். வீட்டில் அவள் கை கிட்டே வந்தாலே உதட்டை மடித்துக்கொள்கிற பிள்ளை, தக்கையைப் பார்த்தபடியே வாங்கிக்கொண்டது. இன்னொன்று. இன்னொன்று. செல்வியின் கண் நிறைந்துவிட்டது. உருட்டுவதை நிறுத்தாமலே முழங்கையால் துடைத்துக்கொண்டாள். அப்படி ஒரு நிம்மதியை அவள் முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது, தக்கையைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

தக்கை முங்கியது. இழுத்தேன். "ஜிலேபி வந்துடுச்சும்மா!" என்று இனியா குதித்தாள். செல்வி அந்த மீனைப் பார்த்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுவா? இந்த அளவு மீனுக்கா இத்தன வருஷப் பீத்தல்?"

அன்றைக்கு ஒரு மீனையும் தண்ணீரில் விட அவள் சம்மதிக்கவில்லை. எல்லாம் வீட்டுக்கு வந்து, மிளகாய்த்தூள் தடவி வறுபட்டது. நான் வாழ்நாளெல்லாம் கேவலப்படுத்திய மீன் நன்றாகத்தான் இருந்தது. அந்த மாசமும் அதற்கடுத்த மாசமும் எடை ஏறியது. என்ன கொடுத்தீர்கள் என்று டீச்சர் கேட்டதற்குச் செல்வி, "ஜிலேபிதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தாள். டூட்டி இல்லாத ஞாயிறுகளில் அவளும் வந்தாள். மற்ற ஞாயிறுகளில் நாங்கள் இரண்டு பேரும்தான். வெயில் ஏறும்வரை நான் வீசுவேன், அவள் பார்ப்பாள். கரையில் கிடந்த, என்றைக்கோ கல்லாகிப்போன சிப்பிகளை மடியில் பொறுக்கி வைத்துக்கொண்டு, நான் கேட்காமலே வாயைத் திறப்பாள். அதைவிடச் சுகமாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

பிறகு பள்ளிக்கூடம் போனாள். பத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்ததும் பத்துப் பிள்ளைகளைப் போலத் தின்றாள். இதற்கா இத்தனை அமர்க்களம் என்று எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. குழிக்குப் போவது ஞாயிறுதோறும் என்பது மாசத்துக்கு ஒன்று ஆனது. அதற்குள் ஆலைக்குக் கல் பற்றவில்லை. பழைய குழியை இன்னும் ஆழமாக வெட்டலாம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். பெரிய பெரிய மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். சேறு தெரிந்ததும் ஊரே சட்டியும் சாக்குமாக இறங்கியது. கை நீளத்துக்கு ஒரு விராலை, தூண்டில் என்றால் என்னவென்றே தெரியாத ஒருத்தன் வெறுங்கையால் தூக்கிக்கொண்டு போனான். தண்ணீர் வற்றியதும் வெடி வைத்தார்கள். முதலில் சரிவு போனது, அப்புறம் எங்கள் கல் இருந்த மேடு. உடைத்ததெல்லாம் லாரியில் ஏறி என் மேடைக்குத்தான் வந்தது. நான்தான் எடை பார்த்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து அனுப்பினேன். எந்த லாரியில் எந்தக் கல் போனது என்று எனக்கு எப்படித் தெரியும்?

இனியா இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறாள். போன லீவுக்கு வந்திருந்தபோது பேச்சு வாக்கில் இதையெல்லாம் சொன்னேன். முகத்தைச் சுளித்தாள்.

"ச்சீ. மீனுக்குப் போடுறத எனக்குப் போட்டியா? சும்மா கத விடாதப்பா."

ரோஷம் வந்து வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அடி தெரியாத வெள்ளைப் பள்ளம். கீழே லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. தூசிக்குத் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இங்கயா தண்ணி இருந்துச்சு?"

"இங்கதான். அந்தா, அந்த எடத்துலதான் நீ ஒக்காந்திருப்ப."

நான் விரல் காட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. வெறும் காற்று. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த இளக்காரம் அவள் அம்மா வீட்டுச் சொத்து என்று எனக்குத் தெரியாதா? எவ்வளவு சொல்லியும் தக்கை ஞாபகம் வரவில்லை, சேலை ஞாபகம் வரவில்லை. அந்த வயசில் நடந்தது எதுவும் பிள்ளைகளுக்கு மனசில் நிற்காது, அது அப்படித்தான் என்று செல்வி அன்று ராத்திரி சொன்னாள். நர்ஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆக, செல்வி வராத அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன் என்று ஆகிவிட்டது.